முதுகில் பட்ட காயத்துக்கு வரி

முன்னொரு காலத்தில் குன்றவள நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட மகுடசேகர மன்னன் நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. போரில் உடல் ஊனமானவர்களின் நிலத்துக்கும், உயிர்விட்ட வீரர்களின் குடும்பத்து நிலத்துக்கும் இனி வரி கிடையாது என்று ஒரு நாள் காலையில் உத்தரவு போட்டான். நாடே வாழ்த்தியது.

வரி அதிகாரி மங்களேசனுக்கு மட்டும் வயிறு எரிந்தது. போர்க்களத்தை அரண்மனைச் சுவர்ச் சித்திரத்தில் மட்டும் பார்த்தவர் அவர். அன்று மாலையே அரசனின் காதோரம் போய், "அரசே, வீரன் என்றால் காயம் மார்பில் அல்லவா இருக்க வேண்டும்? முதுகில் காயம் பட்டவன் களத்திலிருந்து ஓடி வந்தவன். ஓடி வந்தவனுக்கு எதற்குச் சலுகை?" என்றார். மார்பில் காயம் என்ற பேச்சைக் கேட்டாலே மன்னனுக்குப் புல்லரித்துவிடும். "சபாஷ்! முதுகில் காயம் பட்டவனுக்குச் சலுகை இல்லை!" என்று சொல்லிவிட்டான்.

அந்த உத்தரவு வந்து விழுந்தது பெரியநாச்சியின் தலையில். அவள் கணவன் சடையன் காலாட்படையில் இருந்தவன். முதுகில் ஈட்டி பாய்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலோடு கிடந்தான். இருந்த ஒரே வயலை அவள் ஒருத்தியாகத்தான் பார்த்துக்கொண்டாள். அறுவடைக்குள் வரி கட்டாவிட்டால் அந்த வயலும் அரண்மனைக்குப் போய்விடும். அதைவிடக் கொடுமை, தெருவில் போகிறவர்கள் 'ஓடி வந்தவன் வீடு' என்று பேச ஆரம்பித்ததுதான். சடையன் சாப்பாட்டைக்கூட ஒதுக்கினான். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலைநகருக்கு நடந்தாள்.

"பெண்ணே, உனக்கு என்ன குறை?" என்று கேட்டான் மன்னன்.

"மகாராசா, என் வீட்டுக்காரரு ஓடி வரலை. அடிபட்டு விழுந்த சேக்காளியை ரெண்டு கையிலயும் அள்ளித் தூக்கிக்கிட்டு வந்தாரு. வர்ற வழியிலதான் முதுகுல ஈட்டி பாஞ்சுது."

மங்களேசன் சிரித்தார். "ஓடி வந்தவர்கள் எல்லாரும் சொல்கிற கதைதான். சாட்சி உண்டா?"

"சாட்சி சொல்ல வேண்டியவரு பாசறையிலேயே கண்ணை மூடிட்டாரு, ஐயா."

"பார்த்தீர்களா அரசே! உண்மையான வீரன் ஆளைத் தூக்கி வந்தாலும் பகைவனைப் பார்த்தபடிதான் வருவான். காயம் மார்பில்தான் படும். நானாக இருந்தால் அப்படித்தான் வந்திருப்பேன்!"

பெரியநாச்சி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்படின்னா ஐயா அதை ஒரு தடவை செஞ்சு காட்டட்டும், மகாராசா. ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு இந்த மண்டபத்தைத் தாண்டட்டும். குங்குமக் குழம்புல நனைச்ச பஞ்சு உருண்டையை நான் எறியுறேன். அது ஐயா மார்புல பட்டுச்சுன்னா, பேசாம வயலை எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுறேன்."

மன்னனுக்கு அன்று பொழுது போகாத நாள். சிம்மாசனத்தை விட்டு எழுந்தேவிட்டான். "அடிபட்ட வீரன் நான்தான்! மங்களேசா, தூக்கு என்னை!"

மன்னனுடையது நெய்யிலும் பாலிலும் வளர்ந்த உடம்பு. மங்களேசன் பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். சொன்ன சொல்லை மறக்காமல் பெரியநாச்சியைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னாக அடியெடுத்து வைத்தார். கதிர் முற்றும் காலத்தில் குருவி விரட்டிப் பழகிய கை அவளுடையது. உருண்டை பறந்து போய் மன்னனின் விலாவில் சொத்தென்று விழுந்தது.



"என்னைக் கேடயமாகவா பிடிக்கிறாய்?" என்று கத்தினான் மன்னன். "இது நிஜ ஈட்டியாக இருந்தால் நான் போயே போயிருப்பேன்! திரும்படா! திரும்பி ஓடு!"

மங்களேசன் திரும்பி, வாசலை நோக்கித் தள்ளாடி ஓடினார். இரண்டாவது உருண்டை அவருடைய நடுமுதுகில் அப்பிக்கொண்டது. மன்னன்மேல் இந்தத் தடவை ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

அதுவரை வாயே திறக்காமல் இருந்த முதிய அமைச்சர் அறவாழி மெதுவாக எழுந்து வந்தார். மூச்சு வாங்கி நின்ற மங்களேசனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். காயம் எங்கே பட்டிருக்கிறது, அதிகாரியாரே?"

"முதுகில்" என்றார் மங்களேசன்.

"அடடா, அப்படியானால் தாங்களும் ஓடி வந்தவரா? அரசர் வரியில்லாமல் தந்திருக்கும் தங்கள் மானிய நிலத்துக்கும் இன்றுமுதல் வரி போட்டுவிடலாமே!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மன்னன் மட்டும் சிரிக்கவில்லை. பட்டாடையில் வழிந்த சிவப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். விளையாட்டெல்லாம் முகத்தை விட்டுப் போயிருந்தது. "அம்மா, உன் கணவன் தூக்கி வந்தானே, அவனுடைய குடும்பம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டான்.

"அவருக்கு நெஞ்சுல காயம், மகாராசா. அவுக வயலுக்கு வரி இல்லை. அது நியாயந்தான், அவுக நல்லா இருக்கட்டும். தூக்கிக்கிட்டு வந்தவரு வயலுக்குத்தான் வரி."

மன்னன் தலைகுனிந்தான். அவன் தலைகுனிந்து அந்தச் சபை அதுவரை பார்த்ததில்லை. "தப்பு என்னுடையது" என்றான். "இனிமேல் இந்த நாட்டில் எந்த வீரனின் காயத்தையும் யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. உடம்பைக் கொடுத்தவனுக்கும் வரி இல்லை, உயிரைக் கொடுத்தவன் வீட்டுக்கும் வரி இல்லை. பெண்ணே, உன் புத்திக்குப் பரிசாக என்ன வேண்டும், கேள்!"

"வரி போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா மட்டும் பத்தாது, மகாராசா. ஏன் போச்சுன்னும் தெரியணும். அதை இந்த ஐயாவே எங்க ஊருக்கு வந்து சொல்லட்டும். வேற எதுவும் வேண்டாம்."

அப்படியே நடந்தது. தமுக்குச் சத்தம் கேட்டு ஊரே கூடிவிட்டது. சடையன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு மங்களேசன் உரக்கச் சொன்னார்: "சடையன் ஓடி வந்தவன் அல்ல. அடிபட்ட தோழனைத் தூக்கி வந்தவன். அதனால்தான் காயம் முதுகில் பட்டது. இவன் வயலுக்கு இனி வரி இல்லை!"

பெரியநாச்சி உள்ளே ஓடினாள். சடையன் கட்டிலில் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"என்னமோ சொல்றாரே, எனக்குச் சரியாக் காதுல விழலை" என்றான். "இன்னொரு தடவை சொல்லச் சொல்லு."

அவனுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? வாசலுக்கு வந்து, "ஐயா, இன்னொரு தடவை!" என்றாள். மங்களேசன் சொன்னார். உள்ளேயிருந்து மறுபடியும், "இன்னும் கொஞ்சம் சத்தமா!" என்று குரல் வந்தது. பொழுது சாய்வதற்குள் வரி அதிகாரிக்குத் தொண்டை கட்டிப்போயிற்று என்று குன்றவள நாட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.