இடியனைப் பழக்கியவர்

குவளைநாட்டு மன்னன் மாறவேளுக்குக் கடல் வணிகன் ஒருவன் நாய்க்குட்டி ஒன்றைப் பரிசளித்தான். கொடுத்துவிட்டுக் கொஞ்சம் வேகமாகவே கப்பலேறினான். ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

குட்டிக்குப் பால்பல் இன்னும் முழுதாக விழவில்லை. உருவமோ கன்றுக்குட்டி அளவு. மன்னன் அதற்கு இடியன் என்று பெயர் வைத்தான். இடியன் முதலில் சமையற்காரனின் கையைக் கடித்தது. பிறகு தளபதி விற்கொற்றனின் கெண்டைக்காலைக் கடித்தது. எத்தனையோ போர்களில் காயம் படாத கால் அது.

"கொன்றுவிடலாம், மன்னா," என்றார் தளபதி. "இளவரசியைப் பெண் கேட்டு அண்டை நாட்டுத் தூதர் வரப்போகிறார். அவரைக் கடித்தால் கல்யாணத்துக்குப் பதிலாகப் போர்தான் நடக்கும்."

மன்னனுக்குக் குட்டி என்றால் உயிர். அமைச்சன் சேந்தனை அழைத்தான்.

"தூதர் வரும்போது இடியன் என் அரியணைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடிக்கக் கூடாது. நீ அதை அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, கட்டவும் கூடாது. தவறினால் நீ நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

"மூட்டை கட்ட ஆள் வேண்டுமானால் அனுப்புகிறேன்," என்றார் தளபதி அன்பாக.

சேந்தன் நாய் சாப்பிடும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தான். மன்னன் வந்தான். இடியனின் தட்டை வெடுக்கென்று பிடுங்கினான். குட்டி பல்லைக் காட்டி உறுமியது. மன்னனுக்கு ஆனந்தம்.

"என்ன வீரம் பார்த்தாயா?" என்று ஆட்டுத்தொடை ஒன்றை எறிந்தான்.



மறுநாள் சபையில் சேந்தன் எழுந்து நின்று, மன்னனைப் பார்த்து உறுமினான். மன்னன் விழுந்து விழுந்து சிரித்து மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். அடுத்த நாள் வரி அதிகாரி உறுமினார். அவருக்கு ஒரு சால்வை. வார முடிவில் தளபதியே தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமினார்.

மன்னன் முகம் சிவந்தது. "இது சபையா, நாய்க்கொட்டிலா?"

"உறுமினால் பரிசு கிடைக்கும் இடம், மன்னா," என்றான் சேந்தன். "இடியனுக்கு அது முதலிலேயே தெரிந்துவிட்டது. எங்களுக்குத்தான் தாமதம்."

மன்னன் மோதிரம் இல்லாத தன் விரலைப் பார்த்தான். பிறகு, "என்ன செய்ய வேண்டும்?" என்றான்.

"தட்டைப் பிடுங்க வேண்டாம். கடிக்க வந்தால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நில்லுங்கள். அமைதியாக உட்கார்ந்தால் கறி கொடுங்கள்."

"நானா? நாய்க்கு முன்னால் கை கட்டுவதா?"

"நாயைக் கட்டக் கூடாது என்பது தங்கள் கட்டளை. மிச்சம் இருப்பது தங்கள் கைதான்."

மன்னன் கை கட்டினான். முதல் நாள் இடியன் பட்டு வேட்டியைக் கிழித்தது. மன்னன் சுவரைப் பார்த்தபடி நின்றான், கண் கலங்கியிருந்தது. விளையாட ஆளில்லாமல் குட்டி குழம்பிப்போனது. கடைசியில் அலுத்து உட்கார்ந்தது. உடனே கறி வந்தது. அதற்கு மெல்ல மெல்லப் புரிந்தது. சமையற்காரனும் கை கட்டினான். தளபதியும் காலைத் தூர வைத்துக்கொண்டு கை கட்டினார்.

தூதர் வந்தார். அரியணைக்குப் பக்கத்தில் இடியன் சிலைபோல் உட்கார்ந்திருந்தது. தூதர் அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்; அது வாலை ஆட்டியது. கல்யாணம் பேசி முடிந்தது.

விடைபெறும்போது தூதர் தயங்கினார். "எங்கள் அரசரிடமும் இப்படி ஒரு குட்டி இருக்கிறது. அது கடிக்காத ஆளில்லை. இதைப் பழக்கியவரை எங்களோடு அனுப்ப முடியுமா?"

சேந்தன் பணிவாகச் சொன்னான்:

"அனுப்பலாம் ஐயா. ஆனால் அவர் திரும்பி வரும்வரை இந்த நாட்டை யார் ஆள்வது?"

மன்னன் சிரித்த சிரிப்பில் தூதர்தான் திடுக்கிட்டார். இடியன் அசையவில்லை. சேந்தனுக்கு அன்றே ஒரு பொற்சங்கிலி கிடைத்தது.