சம்மாட்டி கண்ணில் படாத வத்தை

ஊரிலேயே பெரிய மீன்பிடி லாஞ்சு, படகு முதலாளியான சம்மாட்டி கஸ்பாருடையது. பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கட்டும் என்று, அதைக் கடற்குடாவில் தன் மாடி வீட்டுக்கு நேரெதிரே குறுக்காக நிறுத்தியிருந்தார்.

செலஸ்தீனாள் குடும்பம் வத்தை எனப்படும் சின்னப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, அதைக் குடாவில் கட்டிவைக்க இடம் கேட்டது.

"தாராளமா கட்டு. ஆனா என் மாடியிலேர்ந்து பார்த்தா அது தெரியக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே அடுப்புக்கு விறகு!" என்று ஊர்க்கூட்டத்தில் முழங்கினார் சம்மாட்டி.

மாடியிலிருந்து குடா முழுக்கத் தெரியும். குடாவின் வாயிலுள்ள பாறைக்கு அப்பால் கட்டினாலோ, அலை வத்தையைச் சுக்குநூறாக்கிவிடும்.

"சரி சம்மாட்டியாரே" என்றாள் செலஸ்தீனாள்.

மறுநாள் சம்மாட்டி மாடியேறிக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். வத்தையைக் காணோம்.

"ஓடிட்டா பாரு!" என்று ஊரைக் கூட்டிச் சிரித்தார்.

"இங்கதானே இருக்கேன்" என்று லாஞ்சுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பாய்மரத்தைச் சாய்த்துவிட்டு, லாஞ்சின் மறைவில் கட்டிய வத்தையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள் செலஸ்தீனாள்.

"அவிழ்த்துடு அதை! இல்லேன்னா லாஞ்சை நகர்த்துவேன்!"

"குடாவுல ஆழம் இந்த ஒரு இடத்துலதான், சம்மாட்டியாரே. லாஞ்சை நகர்த்தினா தரை தட்டும். சொன்ன சொல்லை நகர்த்தினா ஊர் கை தட்டும்!"

ஊர் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. அப்போதே தட்டியது.