தூக்கிச் சாத்தும் கதவு

கடலோர ஊர் ஒன்றில் ஒரு மடம். நெடுந்தூரம் வண்டியில் போகிறவர்கள் முதலில் அதன் வாசலில் வந்து நிற்பார்கள். மடத்து அம்மா நான்கு எலுமிச்சம்பழங்கள் தருவார். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, ஏற்றி நசுக்கிவிட்டுப் புறப்படுவார்கள்.

அம்மாவுக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. அவருடைய சீடர் பூவராகனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

அன்று காலை பூவராகன் தன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். மகன் பிறந்த வருஷம் வாங்கியது. போன வாரம்தான் பெயிண்ட் அடித்திருந்தார். பளபளத்தது. இப்போது அந்த மகனின் குழந்தைக்கு மலைக்கோயிலில் முடி இறக்க வேண்டும். மகன் வேலை பார்க்கும் ஊரிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவான். வண்டியில் பூவராகன், மருமகள் அல்லி, குழந்தை. அவ்வளவுதான்.

அல்லி குழந்தையோடு இறங்கி வேப்பமர நிழலில் நின்றாள். மறுபடி ஏறமாட்டேன் என்று வழியிலேயே சொல்லியிருந்தாள்.

“அம்மா, பழம் அப்புறம் தாங்க. முதல்ல இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் பூவராகன்.

“என்ன வார்த்தை?”

“பயம் போக ஒரு வார்த்தை. ஃபேன் ஓடினா அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்கா. குழந்தை ஒரு தும்மல் போட்டா டாக்டர். இப்போ வண்டியில ஏறமாட்டேங்கிறா. கான்வென்ட்ல படிச்ச பொண்ணு. இங்கிலீஷ்லகூட பயப்படத் தெரியும்.”

அல்லி சிரிக்கவில்லை.

“எதுக்கும்மா பயம்?” என்று அம்மா அவளைக் கேட்டார்.

“கதவு அம்மா. நானும் பாப்பாவும் உட்கார்ற பக்கத்துக் கதவு. சாத்த வரமாட்டேங்குது.”

“வரும், வரும். தூக்கிச் சாத்தணும்” என்றார் பூவராகன். “எங்க வீட்ல எல்லாருக்கும் அந்தக் கை வந்துருச்சு. இவளுக்குத்தான் வரல.”

கதவை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்தார். சாத்திக்கொண்டது.

“எப்பலேருந்து தூக்குறீங்க?” என்று கேட்டார் அம்மா.

“தீபாவளியிலேருந்து. அப்போ லேசா தூக்கினா போதும்.”

“இப்போ?”

“இப்போ கொஞ்சம் தம் புடிக்கணும்.”

“மாமா புதுக் கீல் மாட்டிப் பார்த்தாங்க அம்மா” என்றாள் அல்லி. “அப்பவும் சரியாகல. மேல இருக்கிற இடுக்குல முன்னாடி என் விரல் போகாது. இப்போ போகுது.”

“பார்த்தீங்களா? கதவுன்னா இடுக்கு இருக்கும். அதுல விரலை விட்டு அளந்துக்கிட்டிருக்கா!”

அம்மா கதவருகே போய் நின்றார். இடுக்கில் தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

“நடுவழியில டயர் பஞ்சர் ஆனா ஜாக்கியை எங்க குடுப்பீங்க?”

“இங்கதான். இந்தக் கதவுக்குக் கீழ, ஓரச் சட்டத்துல.”

“குடுங்க பார்க்கலாம்.”

“பஞ்சர் ஆகலையே அம்மா?”

“குடுங்க.”

பூவராகன் ஜாக்கியை வைத்துச் சுற்றினார். ஜாக்கி உயர்ந்தது. சக்கரம் தரையிலேயே இருந்தது. இன்னும் சுற்றினார். அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. புதுக் கருப்புப் பெயிண்ட் வெடித்தது. துருச் செதில்கள் பொலபொலவென்று கொட்டின. வண்டிக்குள், அல்லி கால் வைக்கும் இடத்தில், விரிப்பு மேடாக எழும்பியது.

வண்டி மேலே வரவில்லை. ஜாக்கிதான் வண்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தாங்கும் சட்டமே துருவேறி இற்றுப்போயிருந்தது.

பூவராகன் கையை எடுத்துவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

“எப்படிம்மா? வெள்ளிக்கிழமை தவறினதில்லையே. வேற யாரையும் தொட விட்டதில்ல. நானே கழுவுவேன். அடியிலகூட ஓஸ் பைப்பைப் புடிச்சுக் கழுவுவேன். பொட்டு வச்சு, சூடம் காட்டி, அப்புறம்தான் சாவி போடுவேன்.”

“எந்தத் தண்ணி?”

“வீட்டு போர் தண்ணிதான்.”

“குடிக்கவும் அதுதானா?”

“ஐயோ, வாயில வைக்க முடியாதும்மா. ஒரே உப்...”

பூவராகன் மண்ணில் கொட்டிக் கிடந்த துருவைப் பார்த்தார்.

அம்மா குனிந்து ஒரு பிடி செதிலை எடுத்து பூவராகனின் உள்ளங்கையில் போட்டார். அவர் கட்டைவிரலால் தேய்த்தார். பொடியாகிவிட்டது. அல்லியின் இடுப்பிலிருந்த குழந்தை அதைப் பிடிக்கக் கை நீட்டியது. பூவராகன் சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

“பஸ்ல போயிடலாம் மாமா” என்றாள் அல்லி. “பத்தரைக்கு ஒண்ணு இருக்கு.”

“மலை வளைவுல வச்சு மட்டும் இது உடைஞ்சிருந்தா...” என்று தொடங்கிய பூவராகன் குழந்தையின் தலையைப் பார்த்தார்.

அம்மா உள்ளே போய் நான்கு எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்தார். வழக்கம்போல பூவராகனின் கையில் வைத்தார்.

“இவ பயத்துக்கு ஒரு வார்த்தை கேட்டேன் அம்மா.”

“கேட்டீங்க.”

“நீங்க பழம் தர்றீங்க. வண்டிதான் போகலையே. இதை வச்சு நான் என்ன பண்ண?”

“சர்பத் போட்டு உங்க மருமகளுக்குக் குடுங்க” என்றார் அம்மா. “தீபாவளியிலேருந்து அந்தப் பொண்ணு தனியா காவல் நிக்குது.”