மேப்பிள் விதைக்கு ஏன் ஒத்தை றெக்கை

மரமெல்லாம் வாய் வலிக்க வலிக்கப் பேசிக்கிட்டிருந்த காலம் அது. பனி கொட்டுற மலையில, ஓடையோரமா ஒரு மேப்பிள் மரம் இருந்துச்சு. விரிச்ச கை மாதிரி இலை. அந்த இலைய வெச்சு கீழ ஒரு பொட்டு வெயில் விழாம மறைச்சிடும். அதுல அதுக்கு ஒரே பெருமை.

ஆனா அது பெத்த விதையெல்லாம் உருண்டை உருண்டையா காலடியிலேயே தொப்புன்னு விழும். முளைக்கும், அம்மா நிழல்லயே வெளுத்துப்போய்ச் சாகும். வருஷா வருஷம் இதே கதை. தாங்க முடியாம மேப்பிள் காத்தைக் கூப்பிட்டுச்சு.

"தம்பி, போற வழியில எம் புள்ளைங்கள வெயில் படுற இடமாப் பாத்து இறக்கி விட்டுடேன்."

காத்து ஒரு விதையத் தூக்கப் பாத்துட்டுக் கீழ போட்டுச்சு. "என்னக்கா, கோலிகுண்டாப் பெத்து வெச்சிருக்க? பிடிச்சுத் தூக்க ஒரு காதாவது வாலாவது வேணாமா? றெக்கை கட்டி அனுப்பு, ஏத்திக்கிறேன்."

றெக்கை தைக்கிறதுல அந்த மலைக்கே தட்டான்பூச்சிதான் பெரிய ஆளு. தலை முழுக்கக் கண்ணு, பார்வை மட்டும் கொஞ்சம் மந்தம். அது அளவெடுக்க வந்தப்போ, ஒரே காம்புல ரெட்டையாப் பொறந்த விதைங்க ரெண்டு கட்டிப்புடிச்சுத் தூங்கிக்கிட்டிருந்துச்சு. அதை ஒரே புள்ளைன்னு நெனச்சு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு தச்சு முடிச்சு, கூலிக்குப் பட்டையில வடிஞ்ச இனிப்புச் சாறக் குடிச்சிட்டுக் கெளம்பிடுச்சு.

"ஒரு ஜோடிதானா? சரி, அண்ணன் தம்பி அனுசரிச்சுப் போங்கடா"ன்னுச்சு அம்மா.

"யாரு அண்ணன்?"

"நான்தான்."

"ஒரே காம்புல தொங்கிட்டு உனக்கு அண்ணன் பட்டம் வேறயா?"

காத்து அள்ளிட்டுப் போச்சு. அதுக்கு ஏத்தத்தான் தெரியும், இறக்கத் தெரியாது. ஓடை போச்சு, வெயில் படுற கரை வந்துச்சு, தூரத்துல சுடுமணல் காடு தெரிஞ்சுது.

"டேய், அங்க போனா கருகிடுவீங்கடா. இறங்கித் தொலைங்க"ன்னு அம்மா கத்துச்சு. ரெண்டு றெக்கையும் சமமா நின்னா எங்கேருந்து இறங்குறது?

"கரைப் பக்கம் திருப்புடா"ன்னுச்சு ஒண்ணு.

"அண்ணான்னு சொல்லு, திருப்புறேன்."

"காம்பே அறுந்தாலும் சொல்ல மாட்டேன்."

ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் வெடுக்குன்னு இழுத்துச்சு. காம்பு அறுந்துடுச்சு.

ஒத்தை றெக்கையில எவன் நேராப் பறப்பான்? ரெண்டும் கிறுகிறுன்னு சுத்த ஆரம்பிச்சுது.

"அண்ணா, தலை சுத்துதுடா."

"இப்பச் சொல்லி என்னடா பிரயோஜனம்?"

சுத்திச் சுத்தி, ஒண்ணு இந்தக் கரையில விழுந்துச்சு, ஒண்ணு அந்தக் கரையில. ரெண்டு இடத்துலயும் நல்ல வெயில். தட்டான் பதறியடிச்சு ஓடி வந்து, "தப்பாத் தச்சுட்டேன்க்கா, ஆளுக்கொரு ஜோடி தச்சுத் தர்றேன்"னுச்சு.

"நீ சும்மா இரு"ன்னுச்சு மேப்பிள். "ஒழுங்காப் பறந்திருந்தா மணல்ல போய் வெந்திருப்பானுங்க. இனிமே பொறக்குறதுக்கெல்லாம் இதே அளவுல தை."

அன்னிலேருந்துதான் மேப்பிள் விதை ஜோடியா ஒட்டிப் பொறக்குது, ஆளுக்கொரு றெக்கையோட பிரிஞ்சு சுத்திக்கிட்டே இறங்குது, குளிர் மலையத் தாண்டாம, அம்மா நிழலுக்கு எட்டாத தூரத்துல.