வீரகேசரியின் கனவில் வந்த எதிரி

முன்னொரு காலத்தில், மழை பெய்ததா, ஏரி நிரம்பியதா என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, தம் நாய் என்ன கனவு காண்கிறது என்று விசாரித்த ராஜா ஒருவர் இருந்தார். நாயின் பெயர் வீரகேசரி. வயிறாரத் தின்றுவிட்டுச் சிம்மாசனத்தடியில் பட்டு மெத்தையில் படுத்தால், தூக்கத்திலேயே அதன் கால்கள் ஓடும், வால் ஆடும். சில நாள் பல்லைக் காட்டி உறுமும்.

"இது கனவில் யாரைப் பார்க்கிறது?" என்று ராஜா ஒருநாள் சபையைக் கேட்டார்.

"தங்களைத்தான், பிரபு" என்றார்கள் முப்பது பண்டிதர்களும்.

"அப்படியானால் ஏன் உறுமுகிறது?"

இருபத்தொன்பது பேர் கூரையைப் பார்த்தார்கள். ஆஸ்தான ஜோதிடர் விசுவேசர் மட்டும் எழுந்தார். "மகாராஜா, வாலாட்டும்போது தங்களைக் காண்கிறது. உறுமும்போது தங்கள் எதிரியைக் காண்கிறது. அந்த எதிரி யாரென்று என் சாஸ்திரம் சொல்லும்."

அதற்குப் பிறகு நாய் உறுமிய போதெல்லாம் விசுவேசர் ஒரு பெயர் சொன்னார். சேவகர்கள் போய் அந்த ஆளை இழுத்து வந்தார்கள். விசுவேசரின் பல்லக்குக்கு வழிவிடாத வண்டிக்காரன், அவர் ஜோதிடம் பொய்த்ததைச் சொல்லிச் சிரித்த வைத்தியர் என்று நான்கு பேர் சிறைக்குப் போனார்கள். ஐந்தாவது பெயர் அரண்மனைச் சமையற்காரி மருதாயி. அவளை நாடு கடத்த உத்தரவாயிற்று.

விகடகவி கூத்தப்பிரான் முதல் நான்கு பேருக்கும் வாய் திறக்காமல் சபையோடு சேர்ந்து தலையாட்டியவன். தினமும் தனக்குச் சோறு போடுகிற மருதாயியின் பெயர் விழுந்ததும் அது அவனை உறுத்தியது. அவளை அடைத்திருந்த சிறைக்கு நேரே போனான்.

"அந்த நாய்க்கு மூணு வேளையும் நாந்தான் சோறு வெக்கிறேன், சாமி. அது என்னைப் பாத்து எதுக்கு உறுமப் போவுது?" என்றாள் மருதாயி. "ஜோசியரு தன் வீட்டுக்கு ரெண்டு குடம் நெய் அனுப்பச் சொன்னாரு. ராஜாவைக் கேக்காம தரமாட்டேன்னேன். அதான் நான் பண்ணின தப்பு."

"வேறு யாரைக் கண்டால் அது உறுமும்?"

"ஆருகிட்டயும் உறுமாது. சனிக்கிழமை காலையில மட்டும் பிடிக்க முடியாது."

கூத்தப்பிரான் யோசித்தபடியே சபைக்குத் திரும்பினான். "பிரபு, கனவில் வந்த எதிரி மருதாயி அல்லள்" என்றான்.

ராஜாவின் முகம் கடுத்தது. "அப்படியானால் உண்மையான எதிரியை நாளை சபைக்குக் கொண்டு வா. தவறினால் அவளோடு நீயும் நாட்டை விட்டுப் போவாய்."

"உத்தரவு." அவன் விசுவேசர் பக்கம் திரும்பினான். "ஸ்வாமி, கனவில் கண்ட எதிரியை நேரில் கண்டால் நாய்க்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியும்."

"எதிரியை ஏவியவர் ஒருவர் இருந்தால்?"

விகடகவியையும் சேர்த்துப் பிடிக்க வழி கிடைத்த மகிழ்ச்சியில் விசுவேசர் மீசையை நீவினார். "அவரே முதல் ராஜத்துரோகி. கழுவில் ஏற்ற வேண்டும்."

மறுநாள் மருதாயியைச் சபைக்குக் கொண்டு வந்தார்கள். வீரகேசரி ஓடிப்போய் அவள் கையை நக்கியது.

"சபை நாகரிகம் தெரிந்த நாய், பிரபு. மனத்தில் இருப்பதை வெளியே காட்டாது" என்றார் விசுவேசர்.

கூத்தப்பிரான் கை காட்டினான். நான்கு ஆட்கள் துணி மூடிய பெரிய பொருள் ஒன்றைச் சுமந்து வந்து வைத்தார்கள். அவன் துணியை விலக்கினான். உள்ளே வெந்நீர் நிரம்பிய செப்புக் கொப்பரை. சீயக்காய் வாசனை சபையெங்கும் பரவியது. வீரகேசரிக்கு முதுகு மயிர் சிலிர்த்தது. தூக்கத்தில் உறுமுவது போலவே பல்லைக் காட்டி உறுமியது. பிறகு ஒரே ஓட்டமாக ஓடிச் சிம்மாசனத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டது.

"இவர்தான் எதிரி, பிரபு. உத்தரவுப்படி கொண்டு வந்துவிட்டேன்" என்றான் கூத்தப்பிரான். "சனிக்கிழமைதோறும் இவர் வீரகேசரியைப் பிடித்துக் குளிப்பாட்டுகிறார். இவரை ஏவியது யாரென்று ஜோதிடர் சொல்லட்டும்."

நாய்க்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது ராஜாவின் சொந்தக் கட்டளை. சபைக்கே அது தெரியும். ராஜா சிரிக்காவிட்டால் கழு யாருக்கு என்பது கூத்தப்பிரானுக்குத் தெரியும்.

"சொல்லும், ஜோதிடரே" என்றார் ராஜா.

விசுவேசர் கொப்பரையைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். "பிரபு... நாயின் கனவை யார் கண்டது?"

ராஜா கிரீடம் சரியும் அளவுக்குச் சிரித்தார். ஐந்து பேரையும் அப்போதே விடுவிக்கச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பிரானுக்குப் போட்டார். சனிக்கிழமை வேலையை விசுவேசரிடம் ஒப்படைத்தார்.

"அது இருக்கட்டும், கூத்தப்பிரான். வாலாட்டும்போதாவது இது என்னைத்தானே காண்கிறது?"

"சோறு போடுகிறவள் மருதாயி, பிரபு. அவளுக்குப் பிறகு தங்களுக்கும் இடம் இருக்கும்."

ராஜா மறுபடியும் சிரித்தார். ஆனால் அன்று முதல் மதியச் சபையில் எந்தப் பண்டிதரும் கண்ணயரவில்லை. தூக்கத்தில் தாம் உறுமிவிட்டால் அதற்கு யார் என்ன அர்த்தம் சொல்வார்களோ என்ற பயம். வீரகேசரி ஒன்றுதான் நிம்மதியாகத் தூங்கியது.