கடைசி வரியில் உட்கார்ந்திருந்த கோரிக்கை

இதை எனக்கு முதலில் சொன்னது சலோமி அக்கா. என் மூத்தவன் பத்தாம் வகுப்பு எழுதின வருஷம், சபைப் பெண்கள் கூட்டத்துக்கு வேனில் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ரயில்வே கேட்டைப் போட்டுவிட்டார்கள். கேட் திறப்பதற்குள் அக்கா சொல்லி முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் இழுத்துச் சொல்லித்தான் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில், கோடு போட்ட ஒரு தாளில் ஒரு குடும்பம் குடியிருந்தது. ஒரே ஒரு பேச்சுக்காகப் பிறந்த குடும்பம்.

மேல் கோட்டில் இருந்தவர் வணக்கம். நல்ல உடம்பு, தோளில் சால்வை. ஒன்பது வரிகளை அவர் ஒருவரே அடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே ஊர்ப்பெருமை. அதற்கும் கீழே, தலையைச் சீவிச் சீவி நிற்கிற அடுக்குமொழி. பிறகு எண்கள்; அதிகம் பேசாத பிள்ளைகள். எல்லோருக்கும் அடியில், தாளின் கடைசி வரியில், இடுப்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கோரிக்கை. அது ஒரே வாக்கியம்தான்: நாலு பத்துக்குப் போகிற பஸ் நாலரைக்குப் போகவேண்டும்.

அந்தத் தாளை எழுதியவர் தங்கபுஷ்பம். அவருடைய மகள் பியூலா டவுன் பள்ளியில் ஒன்பதாவது படித்தாள். பள்ளி விடுவது நாலு இருபதுக்கு. ஊருக்குப் போகிற பஸ் நாலு பத்துக்கே புறப்பட்டுவிடும். அடுத்தது ஏழு மணிக்கு. ஆகவே பிள்ளைகள் எட்டு கிலோமீட்டர் நடந்து வந்தார்கள். மழைக்காலத்தில் வழியிலேயே இருட்டிவிடும்.

மாதம் ஒரு முறை மாவட்ட அதிகாரி மக்களிடம் குறை கேட்பார். ஊருக்கு ஐந்து நிமிஷம். ஐந்து முடிந்தால் மேசை மணி அடிக்கும், அடுத்த ஊர் எழுந்துவிடும்.

முதல் மாதம் தங்கபுஷ்பம் எழுந்து நின்றார். வணக்கம் கம்பீரமாக இறங்கிப் போனார். அதிகாரிக்கு ஒரு கும்பிடு, அவர் பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்று, அவருக்கும் பக்கத்தில் இருந்தவருக்கு ஒன்று. மைக் கட்டினவரையும் விடவில்லை. அப்புறம் ஊர்ப்பெருமை போய், குளம் வெட்டின கதையைக் கரையில் ஆரம்பித்து மடை வரைக்கும் சொன்னது. அடுக்குமொழி ஒரே பாய்ச்சல்.

"பாதையோ பாழ்! பயணமோ பாரம்! பாவம் எங்கள் பாவையர்!"

கூட்டம் கைதட்டியது. எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே மணி 'டிங்' என்றது.

"அருமையாப் பேசினீங்கம்மா. அடுத்த ஊர் வாங்க" என்றார் அதிகாரி.

கோரிக்கை உட்கார்ந்த இடத்திலேயே மடித்து வைக்கப்பட்டது. அன்றைக்கும் பஸ் நாலு பத்துக்குப் போனது. பியூலா நடந்து வந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவள் அப்பா சொன்னார்: "காலாண்டுப் பரீட்சை முடியட்டும். அதோட இவளை நிறுத்திருவோம். பிள்ளை இருட்டுல நடந்து வாரதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். மேசையில் டம்ளருக்கு அடியில் இருந்த கோரிக்கைக்கு அது நன்றாகவே கேட்டது. காலாண்டுக்கு முன்னால் இன்னும் ஒரு கூட்டம்தான் இருந்தது.

டம்ளரை எடுத்ததும் அது மெதுவாகக் கேட்டது. "அண்ணாச்சி, அடுத்த கூட்டத்துல நான் கொஞ்சம் முன்னாடி போகட்டுமா?"

வணக்கம் சிரித்தார். "ஏ, நீ எங்கடே முன்னாடி போவ? வந்ததும் வராததுமா 'பஸ்ஸைக் குடு'ன்னு நின்னா நம்ம ஊரை என்ன நினைப்பாங்க?"

"நம்மளப் பத்தி நாலு நல்லது தெரிஞ்ச பிறகு கேட்டாத்தான் குடுப்பாங்க" என்றது ஊர்ப்பெருமை.

அடுக்குமொழி தலையைச் சீவியபடி சொன்னது: "கைதட்டல் யாருக்கு விழுந்துச்சு? எனக்குத்தானே? உன்னைக் கேட்டு எவன் தட்டுவான்?"

"உங்க எல்லாருக்கும் நேரம் கிடைச்சுது. எங்களுக்குத்தான் கிடைக்கல" என்று முனகியது பதினேழு. அது நடந்து வருகிற பிள்ளைகளின் தொகை.

தங்கபுஷ்பமும் பாவம், கைதட்டலை நம்பி அடுக்குமொழிக்கு இன்னும் இரண்டு வரி கூட்டி எழுதினார். கோரிக்கை இன்னும் கொஞ்சம் கீழே தள்ளி உட்கார்ந்தது. அதற்குக் கீழே தாள் இல்லை.

கூட்டத்து நாள் வந்தது. வெளியே வராந்தா பெஞ்சில் தங்கபுஷ்பம் காத்திருந்தார். உள்ளே ஒவ்வொரு ஊராக மணி அடித்துக்கொண்டிருந்தது. வணக்கம் தாளுக்குள் பரபரப்பாக இருந்தார். "இன்னைக்கு அதிகாரி பக்கத்துல ரெண்டு பேர் புதுசா வந்திருக்காங்க. அவங்களையும் சேக்கணும்."

"அடுத்தது நீங்கம்மா" என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பம் தாளை மடித்து, கூப்பின இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, கண்ணை மூடினார். வாக்கியங்கள் எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி நின்று கேட்டன.

"ஆண்டவரே, நாலு பத்து பஸ் நாலரைக்குப் போகணும். எம் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கக் கூடாது. ஆமென்."



வணக்கம்தான் முதலில் வாய் திறந்தார். "இவ்வளவுதானா? அத்தனை பெரியவர்கிட்ட என்னைக் கூப்பிடவே இல்லையே!"

"எதுகையும் இல்ல, மோனையும் இல்ல" என்றது அடுக்குமொழி.

கோரிக்கை சொன்னது: "அண்ணாச்சி, இவங்க ரொம்ப நம்புற இடத்துக்கு என்னை மட்டுந்தான் கூட்டிட்டுப் போனாங்க."

தங்கபுஷ்பம் கண்ணைத் திறந்தார். 'இப்ப நான் என்ன சொன்னேன்?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். தாளை விரித்துப் பார்த்தார். அந்த வாக்கியத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது. பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடைசி வரியிலிருந்து மேல் கோட்டுக்கு ஒரு நீண்ட அம்புக்குறி போட்டார்.

"அப்ப நான்?" என்றார் வணக்கம்.

"ஒரே சொல்லா வாங்க அண்ணாச்சி" என்று கெஞ்சியது கோரிக்கை. "நீங்க இல்லாம எனக்கு வாசல்ல ஏறவே பயமா இருக்கு."

வணக்கம் யோசித்தார். பிறகு சால்வையை மடித்து வைத்துவிட்டு, மூச்சை இழுத்து உடம்பைச் சுருக்கிக்கொண்டார்.

உள்ளே அதிகாரி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவர் முகம் வாடியிருந்தது.

"வணக்கம் சார். நாலு பத்துக்குப் போற எங்க ஊர் பஸ் நாலரைக்குப் போகணும்."

பேனா நின்றது. அதிகாரி நிமிர்ந்தார். "வணக்கம்மா. ஏன் நாலரை?"

எண்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரும் இதுவரை அவர்களைக் கூப்பிட்டதே இல்லை.

"பள்ளிக்கூடம் நாலு இருபதுக்குத்தான் சார் விடுது."

"எத்தனை பிள்ளைங்க?"

"பதினேழு பொம்பளப் பிள்ளைங்க, சார்." பதினேழு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனது.

"அடுத்த பஸ்?"

"ஏழு மணிக்கு. அதுவரைக்கும் நிக்கப் பயந்து எட்டு கிலோமீட்டர் நடக்குதுங்க. போன வருஷம் மூணு பேர் படிப்பை நிறுத்திட்டாங்க. அடுத்தது எம் மக."

அதிகாரி பக்கத்தில் இருந்த போக்குவரத்துக்காரரைப் பார்த்தார். "இருபது நிமிஷம் தள்ளினா வேற யாருக்காவது இடைஞ்சலா?"

அவர் ஒரு காகிதத்தைப் புரட்டினார். "இல்லீங்க சார். டிப்போல சொல்லி திங்கக்கிழமையிலருந்து மாத்திரலாம்."

மேசை மணி இன்னும் சும்மாதான் உட்கார்ந்திருந்தது. அதிகாரி பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "உங்க ஊர்னா, அந்தப் பெரிய குளம் இருக்கே, அதானேம்மா?"

ஊர்ப்பெருமைக்கு முகமெல்லாம் பல். "ஆமா சார்!" என்று அதுவே முந்திக்கொண்டு போனது.

திரும்புகிற வழியில் அடுக்குமொழி மட்டும் யாரோடும் பேசவில்லை. "பள்ளி ஆண்டு விழாவுக்கு உன்னை விட்டா யாரு?" என்று எண்கள் சமாதானப்படுத்திப் பார்த்தன.

வணக்கம் கோரிக்கையிடம் சொன்னார்: "போன மாசம் அத்தனை பேரைக் கும்பிட்டேன். ஒருத்தரும் திருப்பிக் கும்பிடல. இன்னைக்கு ஒத்தச் சொல்லாப் போனேன். நிமிர்ந்து பாத்து 'வணக்கம்மா'ன்னாரு, கவனிச்சியா?"

திங்கட்கிழமை பஸ் நாலரைக்குப் புறப்பட்டது. பியூலா வீடு வந்து சேரும்போது முற்றத்தில் வெயில் இருந்தது. காலாண்டு முடிந்தபோது யாரும் அவளை நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை.

சலோமி அக்கா சொன்னது இதோடு சரி. கேட்டவர்களிடம் எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீங்கள் வெளியூர் போய் இறங்கினதும் வீட்டுக்குப் போன் போடுவீர்கள் அல்லவா? எடுத்த உடனே 'வந்து சேர்ந்துட்டேம்மா' என்று சொல்லிவிடுங்கள். மற்றதையெல்லாம் அம்மாக்கள் நாங்களே கேட்டுக்கொள்வோம்.