பாதியில் நின்ற கோடு

கிணற்று மோட்டாருக்கான சர்க்யூட் போர்டைத் தயாரித்துத் தரச்சொல்லி, விதவை சுலோச்சனா டிசைனைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்ட கம்பெனி முதலாளி தண்டபாணி அதைத் தன் சரக்காகவே விற்றார்.

மோட்டார் தயாரிப்பாளர் சங்கத்தில் பஞ்சாயத்து. போர்டை ஒரு மோட்டாரோடு மாட்டியே கொண்டுவந்திருந்தார் முதலாளி. "ஒவ்வொரு கோடும் நானே யோசிச்சுப் போட்டதுங்க."

போர்டில் பாதியில் நின்ற ஒரு செம்புக் கோட்டை அவள் தொட்டுக் காட்டினாள். "இது எதுக்குங்க?"

"அதுதாம்மா மோட்டாரையே காப்பாத்துது. அதில்லேன்னா எரிஞ்சிடும்."

அவள் பிளேடால் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். மோட்டார் ஓடியது.

"எங்க வீட்டுக்காரர் கடைசியாப் போட்ட கோடுங்க இது. போட்டுட்டிருக்கும்போதே நெஞ்சைப் புடிச்சுட்டுச் சாஞ்சுட்டார். அழிக்க மனசு வரலை, அப்படியே விட்டுட்டேன். நீங்க எதுக்குங்க பாதியில நிறுத்துனீங்க?"